அமிலத்தின் எடையும் 12.6 வோல்ட்டும்: கார் பேட்டரிச் சோதனையின் வரலாறு

காரின் முன்மூடியைத் திறந்து, மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும் கருப்பு முனையை எதிர்முனையிலும் வைத்து, திரையில் 12.6 என்ற எண் தோன்றினால் பேட்டரி நிறைந்திருக்கிறது என்றும், 12.2 என்றால் பாதி என்றும், 12-க்குக் கீழே இறங்கினால் உடனே சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றும் முடிவு செய்வது, வீடுகளில் நடைபெறும் மிக எளிய மின்சோதனைகளுள் ஒன்றாக இன்று ஆகிவிட்டது. பெட்ரோல் அளவுகாட்டியின் முள்ளைப் போல, சரக்கு எவ்வளவு மீதியிருக்கிறது என்பதை இந்த எண் நேரடியாகச் சொல்வதாகவே பொதுவாகக் கருதப்படுகிறது. உண்மையில் அது வேறோர் அளவுக்குப் பதிலாளாக வந்து நிற்கும் எண். பேட்டரிக்குள் இருக்கும் கந்தக அமிலத்தின் செறிவே சார்ஜின் மெய்யான கணக்கு. மூடியைத் திறந்து அந்த அமிலத்தை எடுத்து அளக்க முடிந்த காலம் முழுவதும் வோல்ட்மீட்டர் இரண்டாம் இடத்திலேயே இருந்தது. பேட்டரியின் பெட்டி படிப்படியாக மூடப்பட்டு, கடைசியில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு ஈய முனைகளைத் தவிர வேறெதையும் தொட முடியாத நிலை வந்த பிறகே மின்னழுத்தம் முதலிடத்துக்கு வந்தது.

மின்கலத்தைச் சோதித்த முதல் கருவி மனித நாக்கு என்று சொன்னால் அது மிகையாகாது. ஈயத் துண்டையும் வெள்ளித் துண்டையும் ஒன்றையொன்று தொடும்படி நாக்கில் வைத்தால், தனித்தனியே வைக்கும்போது இல்லாத ஒரு துவர்ப்பான உலோகச் சுவை தோன்றுவதை ஜொஹான் கியோர்க் சுல்ட்சர் 1750-களிலேயே பதிவு செய்திருந்தார். ஆயினும் அதற்கு மின்சாரமே காரணம் என்று அவர் எண்ணவில்லை. 1791-இல் தம் ஆய்வை வெளியிட்ட போலோன்யா நகரத்து லூயிஜி கால்வானி தவளையின் கால் துடிப்பதைக் கொண்டு மின்சாரத்தை உணர்ந்தார். அவருடைய விளக்கத்தை மறுத்த அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா, துடிப்புக்குக் காரணம் தவளை அன்று, இரு வேறு உலோகங்களின் சேர்க்கையே என்று வாதிட்டு, துத்தநாக வட்டுகளையும் வெள்ளி வட்டுகளையும் உப்புநீரில் நனைத்த அட்டைகளுடன் மாற்றி மாற்றி அடுக்கிய கோபுரத்தை உருவாக்கி, அதைப் பற்றி 1800 மார்ச் 20 தேதியிட்ட கடிதத்தை லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவர் ஜோசப் பேங்க்ஸுக்கு அனுப்பினார். அந்த அடுக்கின் வலிமையை அவர் அறிந்ததும் பெரும்பாலும் விரல்களில் ஏற்பட்ட அதிர்ச்சியாலும் நாக்கில் ஏற்பட்ட சுவையாலும்தான். அளக்கும் கருவி பிறப்பதற்கு முன்பே அளக்கப்பட வேண்டிய பொருள் பிறந்துவிட்டது.

மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்புகிறது என்பதை 1820-இல் டென்மார்க்கின் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஓர்ஸ்டெட் கண்டறிந்ததும், கால்வனாமீட்டர் என்னும் மின்னோட்டங்காட்டிகள் தோன்றின. ஆனால் அவை ஆய்வகத்து மேசையில் மட்டம் பார்த்து நிறுத்தி, பூமியின் காந்தப்புலத்துக்கும் அருகிலுள்ள இரும்புக்கும் கணக்கு வைத்து, கிடைத்த கோண அளவைச் சூத்திரத்தில் இட்டு விடை காண வேண்டிய கருவிகளாக இருந்தன. எதை ஒரு வோல்ட் என்பது என்ற கேள்விக்கும் 1881-இல் பாரிஸில் கூடிய பன்னாட்டு மின்னியல் மாநாட்டில்தான் பொது உடன்பாடு ஏற்பட்டது. தந்தித் துறையில் அப்போது பெருவழக்காக இருந்த டேனியல் மின்கலத்தின் மின்னழுத்தத்துக்கு நெருக்கமாக அமையும்படியே அந்த அலகின் அளவு தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தது. பிறகு 1888-இல், இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய எட்வர்ட் வெஸ்டன், நாள்பட்டாலும் வலிமை குறையாத நிலைக்காந்தத்தையும், வெப்பம் மாறினாலும் மின்தடை மாறாத உலோகக் கலவைகளையும் பயன்படுத்தி, முள் நிற்கும் இடத்தில் வோல்ட்டை நேரடியாகப் படிக்கக்கூடிய, கையில் எடுத்துச் செல்லத்தக்க வோல்ட்மீட்டரை நியூஜெர்சி மாநிலத்து நியூவார்க்கில் தயாரிக்கத் தொடங்கினார். பின்னாளில் வீடுகளுக்கு வந்த முள் மீட்டர்கள் பெரும்பாலும் இந்த மரபைச் சேர்ந்தவை.

காரில் இன்றும் இருக்கும் ஈய-அமில மின்கலத்தை 1859-இல் பாரிஸில் உருவாக்கியவர் காஸ்தோன் பிளான்டே. இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாதபடி இடையில் தடுப்பு வைத்துச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் அவர் அமிழ்த்தினார். தகடுகள் மின்சாரத்தைச் சேமிக்கும் தகுதி பெறுவதற்கு, பல மாதங்கள் திரும்பத் திரும்ப மின்சாரம் ஏற்றி இறக்க வேண்டியிருந்தது. காமிய் ஃபோர் 1881 அளவில் தகடுகளின் மேல் செவ்வீயக் களிம்பைப் பூசி அந்தக் காத்திருப்பை ஒழித்தார். அந்த ஆண்டே அவருடைய கலங்கள் ஒரு பெட்டியில் பாரிஸிலிருந்து கிளாஸ்கோவுக்குக் கொண்டு செல்லப்பட்டு வில்லியம் தாம்சனால் சோதிக்கப்பட்டன. அடுத்த ஆண்டில் ஜான் ஹால் கிளாட்ஸ்டன், ஆல்ஃபிரட் டிரைப் ஆகிய இருவர் வெளியிட்ட விளக்கம்தான் பேட்டரிச் சோதனையின் போக்கைத் தீர்மானித்தது. மின்கலம் மின்சாரம் தரும்போது நேர்த்தகட்டிலுள்ள ஈய டை ஆக்சைடும் எதிர்த்தகட்டிலுள்ள ஈயமும் ஆகிய இரண்டுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன, அதற்குத் தேவையான சல்பேட் அமிலத்திலிருந்தே எடுக்கப்படுகிறது, அமிலம் இருந்த இடத்தில் நீர் சேர்கிறது என்பது அவர்கள் கூறியதன் சாரம். ஆகவே சார்ஜ் இறங்க இறங்க அமிலம் இலேசாகிறது. ஏற ஏறக் கனக்கிறது. மின்சாரம் எவ்வளவு செலவாயிற்று என்ற கேள்வி, திரவத்தின் எடை எவ்வளவு என்ற கேள்வியாக மாறிவிட்டது.

திரவத்தின் எடையை அறிவதற்குப் புதிய கருவி எதுவும் தேவைப்படவில்லை. அடியில் பாரம் ஏற்றிய கண்ணாடிக் குழலை மிதக்கவிட்டு, அது எந்தக் கோடு வரை மூழ்குகிறது என்று பார்க்கும் திரவமானி, அதாவது பட்டறைகளில் ஹைட்ரோமீட்டர் எனப்படும் கருவி, சாராயம் காய்ச்சுவோரிடமும் அமிலம் தயாரிப்போரிடமும் நெடுங்காலமாகவே புழங்கியது. பிரெஞ்சு மருந்தாளர் அன்துவான் போமே 1768-இல் வகுத்த அளவுகோல் அமில வணிகத்தின் பொதுமொழியாகவே இருந்தது. நீரைப்போல 1.28 மடங்கு கனமான அமிலத்தின் ஒப்படர்த்தி 1.280 எனப்படும். முழு சார்ஜில் இருக்கும் கலத்தில் இந்த எண் 1.265 முதல் 1.280 வரையிலும், பாதியில் 1.190 அளவிலும், வெறுமையில் 1.120 அளவிலும் நிற்கும் என்பது, எழுத்தறிந்த எந்தப் பணியாளும் நினைவில் வைத்துக்கொள்ளக்கூடிய பட்டியல்.

இந்தச் சோதனையை வீட்டுக்குள் முதலில் கொண்டுவந்தது கார் அன்று, மின்விளக்கு. பொது மின்வழங்கல் எட்டாத இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில், 1880-களுக்குப் பின், பகலில் டைனமோவை ஓட்டி இரவில் விளக்கெரிக்க ஐம்பதுக்கும் மேற்பட்ட கண்ணாடிக் கலங்கள் தனி அறையொன்றில் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன; ஒவ்வொரு கலத்திலும் திரவமானியை மிதக்கவிட்டுப் பார்ப்பதும், கலத்துக்குக் கலம் சிறிய வோல்ட்மீட்டரின் இரு கூர்முனைகளை வைத்து 1.85 வோல்ட்டுக்குக் கீழே எதுவும் இறங்கிவிடாமல் கவனிப்பதும் அங்கிருந்த பணியாளரின் அன்றாட வேலையாக இருந்தன. கண்ணாடி வழியாகக் கண்ணால் அறியக்கூடியதும் நிறைய இருந்தது: நல்ல நேர்த்தகடு சாக்லேட் பழுப்பாகவும் எதிர்த்தகடு சாம்பல் நிறமாகவும் தெரியும், சார்ஜ் நிறைந்தால் குமிழிகள் பொங்கும், கவனிப்பாரற்ற தகட்டில் வெண்மையான சல்பேட் படியும். அமெரிக்காவில் 1916 முதல் பண்ணைவீடுகளுக்கு விற்கப்பட்ட டெல்கோ-லைட் என்னும் 32 வோல்ட் அமைப்பிலும் பதினாறு கண்ணாடிக் கலங்கள் இருந்தன. அத்தகைய கலங்களுள் ஒன்றில் அமிலத்தின் கனத்துக்கேற்ப மிதக்கும் அல்லது மூழ்கும் சிறு பந்துகள் இடப்பட்டன. எண்ணைப் படிக்கவே வேண்டாத திரவமானி அது.

அமிலத்தின் அடர்த்திக்கும் மின்னழுத்தத்துக்கும் உள்ள உறவை வேதியியல் இதற்கிடையே தெளிவாக்கியிருந்தது. வால்ட்டர் நேர்ன்ஸ்ட் 1889-இல் கரைசலின் செறிவையும் மின்கலத்தின் மின்னழுத்தத்தையும் இணைக்கும் சமன்பாட்டைத் தந்தார். ஃப்ரீட்ரிக் டோலெசாலெக் 1901-இல் ஈய மின்கலத்தின் கோட்பாட்டைப் பற்றிய நூலில் அதை இந்தக் கலத்துக்கே விரிவாகப் பொருத்திக் காட்டினார். நடைமுறையில் அது மிக எளிய கணக்காகச் சுருங்கியது: ஓய்வில் இருக்கும் ஒரு கலத்தின் வோல்ட், அமிலத்தின் ஒப்படர்த்தியுடன் ஏறக்குறைய 0.84-ஐக் கூட்டினால் வரும் எண். ஒப்படர்த்தி 1.265 என்றால் ஒரு கலத்துக்கு 2.105 வோல்ட், ஆறு கலங்களுக்கு 12.63, 1.190 என்றால் 12.18, 1.120 என்றால் 11.76. இன்று வீட்டில் மல்டிமீட்டருடன் புழங்கும் 12.6, 12.2, 11.8 என்ற எண்களின் பிறப்பிடம் இதுவே. அவை திரவமானியின் பழைய எண்கள்தாம், ஆறால் பெருக்கி வேறு உடை உடுத்தி வந்திருக்கின்றன.

காரில் பேட்டரிக்கு உயிர்நாடியான இடம் கிடைத்தது 1912-இல், சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின்தொடக்கியைக் காடிலாக் நிறுவனம் தன் கார்களில் பொருத்தியபோது. அதுவரை எஞ்சினை முன்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றித்தான் உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. திரும்பி உதைத்த கைப்பிடியால் மணிக்கட்டும் தாடையும் உடைந்தவர்கள் பலர். மின்தொடக்கி சில நொடிகளுக்கு நூறு ஆம்பியருக்கும் மேலாக மின்னோட்டத்தை இழுக்கும். ஆகவே பேட்டரி பாதி வெறுமையாக இருந்தாலும் விளக்கு எரியும், எஞ்சின் சுழலாது என்ற புதிய சிக்கல் அதனுடன் சேர்ந்தே வந்தது. இருப்பினும் கைப்பிடி உடனே மறைந்துவிடவில்லை. இந்தியாவில் அம்பாசடர் கார்களின் பின்பெட்டியில் அது நெடுங்காலம் கிடந்தது. கைப்பிடி இருந்தவரை பேட்டரி இறந்துபோவது அரைமணி நேர எரிச்சலே தவிர பயணத்தைக் கெடுக்கும் நிகழ்வாக இருந்ததில்லை.

அக்காலக் கார் பேட்டரி மரப்பெட்டிக்குள் வைத்த கடினரப்பர்ச் சாடிகளால் ஆனது. மேலே கீல் ஊற்றி அடைத்திருக்கும். ஒரு கலத்திலிருந்து அடுத்த கலத்துக்குச் செல்லும் ஈயப் பட்டைகள் வெளியே தெரியும். ஒவ்வொரு கலத்துக்கும் திருகுமூடி உண்டு. இதற்கென உருவான திரவமானி, ரப்பர்க் குமிழ் பொருத்திய கண்ணாடிக் குழலுக்குள் சிறு மிதவை வைத்த உறிஞ்சுகுழாய். குமிழை அழுத்தி விடுவித்தால் அமிலம் மேலேறும், மிதவை எழும்பும், புள்ளியை விட்டுவிட்டு 1250 என்றோ 1280 என்றோ படிக்கப்படும் எண் கிடைக்கும். இந்தக் கருவி வீட்டுக் கார்க் கொட்டகைகளில் சக்கரத்துக்குக் காற்றடிக்கும் பம்பைப் போலவே சாதாரணமாக இருந்த காலம் ஒன்று உண்டு. வில்லர்ட், எக்ஸைட் போன்ற பேட்டரி நிறுவனங்களின் சேவை நிலையங்கள் அமெரிக்க ஊர்களில் பெருகி, காய்ச்சி வடித்த நீரை ஊற்றி அடர்த்தியைப் பார்த்துச் சொன்னதும் இக்காலத்தில்தான். திரவமானிக்கும் குறைகள் இருந்தன: நீர் ஊற்றியவுடன் பார்த்தால் அது அமிலத்துடன் கலந்திருக்காததால் பொய்யான எண் வரும், வெப்பத்துக்கேற்ப எண்ணைத் திருத்த வேண்டும், சொட்டும் ஒவ்வொரு துளியும் துணியில் ஓட்டை போடும். ஆனால் ஒரு நன்மையில் அதை இன்றுவரை எந்த வோல்ட்மீட்டரும் வெல்லவில்லை. ஆறு கலங்களில் ஐந்து 1.260 காட்டி ஆறாவது 1.130 காட்டினால் நோய் எங்கே என்பது அங்கேயே தெரிந்துவிடும். முழுப் பேட்டரியின் வோல்ட்டை மட்டும் பார்ப்பவருக்கு ஆறு கலங்களும் ஒரேயடியாகச் சற்றுச் சோர்ந்திருப்பதாகத்தான் தோன்றும்.

வோல்ட்மீட்டர் சாதாரண மக்களின் கைக்கு வந்தது கார் வழியாக அல்ல, வானொலி வழியாக. 1920-களின் வானொலிப் பெட்டிகளில் வால்வுகளின் இழையைச் சூடாக்க ஈய-அமிலக் கலமும், மற்றச் சுற்றுகளுக்கு உயர் மின்னழுத்த உலர்மின்கலமும் தேவைப்பட்டன. இங்கிலாந்தில் இரண்டு வோல்ட் கலத்தை வாரந்தோறும் சைக்கிள் கடைக்கோ கராஜுக்கோ தூக்கிச் சென்று சார்ஜ் ஏற்றி வருவது குடும்பத்துப் பிள்ளைகளுக்கு விதிக்கப்பட்ட வேலையாக இருந்தது. அப்போது சட்டைப்பைக் கடிகாரத்தின் வடிவில் மலிவான வோல்ட்மீட்டர்கள் விற்பனைக்கு வந்தன. இவை தம் வேலைக்கே நிறைய மின்னோட்டத்தைக் குடித்ததால் உலர்மின்கலத்தின் வோல்ட்டைத் தாமே கீழே இழுத்துவிட்டுக் குறைத்துக் காட்டின. உள்தடை மிகக் குறைந்த கார் பேட்டரியை அந்தச் சிறு சுமை பாதிப்பதில்லை என்பதால் அங்கே ஓரளவு நம்பகமாக இருந்தன. ஏறத்தாழ இதே காலத்தில், 1923-இல், பிரிட்டிஷ் அஞ்சல் துறைப் பொறியாளர் டொனால்ட் மெக்கடி வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகிய மூன்றையும் ஒரே பெட்டியில் அளக்கும் ஆவோமீட்டரை வெளிக்கொணர்ந்தார். கருப்புப் பெட்டியும், முள்ளின் கீழே கண்ணாடிப் பட்டையும் கொண்ட அந்தக் கருவி 2008 வரை தயாரிக்கப்பட்டது.

பட்டறைக்காரர்கள் வெறும் வோல்ட்டை ஒருபோதும் முழுதாக நம்பியதில்லை என்பதை அவர்களுடைய செல் டெஸ்டரே காட்டுகிறது. இரண்டு கூர்முனைகளுக்கு இடையே தடித்த தடைப்பட்டையையும் அதன்மேல் சிறு வோல்ட்மீட்டரையும் கொண்ட கவட்டை வடிவக் கருவி அது. வெளியே தெரியும் ஈயப் பட்டைகளில் குத்தி அழுத்தினால் அந்த ஒரு கலத்திலிருந்து பெரும் மின்னோட்டம் பாயும், தடைப்பட்டை சூடாகும், முள் நிலைத்து நிற்கிறதா சரிகிறதா என்பதைக் கொண்டு கலத்தின் வலிமை அறியப்படும். சுமையின்றி இரண்டு வோல்ட் காட்டும் செத்த கலமும் சுமை ஏறியதும் உண்மையைச் சொல்லிவிடும். இன்னும் நுட்பமாக, அமிலத்துக்குள் ஒரு காட்மியம் குச்சியை இறக்கி, குறை நேர்த்தகட்டிலா எதிர்த்தகட்டிலா என்று பிரித்தறியும் முறையும் இருந்தது. இவை எவையும் இல்லாதவர்கள் முனைகளுக்குக் குறுக்கே கம்பியை உரசித் தீப்பொறியின் பருமனைப் பார்த்தனர். சார்ஜாகும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும் என்பதை எண்ணினால் இதைவிட ஆபத்தான சோதனையைக் கற்பனை செய்வது கடினம்; எனினும் அது முற்றிலும் மறைந்துவிட்டதாகச் சொல்வதற்கில்லை.

குளிர்நாட்டில் அச்சிட்ட பட்டியலை வெப்பநாட்டில் அப்படியே பயன்படுத்துவதில் ஒரு பிழை ஒளிந்திருந்தது. உறைபனியில் எஞ்சினைக் கிளப்ப வேண்டிய பேட்டரிக்கு 1.280 வரையில் செறிந்த அமிலம் தேவை. வெப்பநாடுகளிலோ செறிந்த அமிலம் தகடுகளின் ஈயச் சட்டத்தையும் பழைய மரத் தடுப்புகளையும் விரைவில் அரித்துவிடும் என்பதால், 1.240 அளவிலோ அதற்கும் சற்றுக் கீழேயோ நீர்த்த அமிலத்தை ஊற்றுவது வழக்கமாயிற்று. 0.84-ஐக் கூட்டும் அதே கணக்கைப் போட்டால், 1.240 அமிலம் கொண்ட பேட்டரி முழு சார்ஜில் இருக்கும்போதே 12.48 வோல்ட்தான் காட்டும். அமெரிக்கப் பட்டியலின்படி அதில் கால்பங்கு குறைந்துவிட்டது. உண்மையில் குறைந்தது ஒன்றுமில்லை. அமிலத்தை ஊற்றியவருக்கு இது தெரியும், வோல்ட்டை மட்டும் படிப்பவருக்குத் தெரிய வழியில்லை.

பன்னிரண்டு என்ற எண்ணும் பழமையானதன்று. மின்தொடக்கி பரவிய பின் அமெரிக்கக் கார்களில் மூன்று கலங்கள் கொண்ட 6 வோல்ட் பேட்டரியே வழக்கமாக இருந்தது. உயர் அமுக்கம் கொண்ட பெரிய எஞ்சின்களைச் சுழற்ற அது போதாமல் போனதால், காடிலாக், பியூயிக், ஓல்ட்ஸ்மொபைல் ஆகியவை 1953-லும், செவ்ரோலே 1955-லும், ஃபோர்டு 1956-லும் 12 வோல்ட்டுக்கு மாறின; அமெரிக்காவுக்குச் சென்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டில் 1967 மாதிரி வரை காத்திருந்தது. கிரைஸ்லர் 1960-இல் வேலியன்ட் காரில் பழைய டைனமோவின் இடத்தில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது சோதனைக்கு இரண்டாம் பகுதி ஒன்றைச் சேர்த்தது. டைனமோ மெதுவாகச் சுற்றும்போது சார்ஜ் ஏற்றாது. ஆல்டர்னேட்டர் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போதும் ஏற்றும். ஆகவே எஞ்சின் ஓடும்போது முனைகளில் 13.8-க்கும் 14.4-க்கும் இடையே வோல்ட் இருக்கிறதா என்று பார்த்தால் குற்றம் பேட்டரியினுடையதா ஆல்டர்னேட்டரினுடையதா என்று வீட்டிலிருந்தபடியே பிரித்தறிய முடிந்தது. மின்னழுத்தச் சோதனையின் மிக உறுதியான பயன் இன்றும் இதுவே.

பெட்டி மூடப்பட்டது 1960-களுக்குப் பின். மெல்லிய பாலிபுரோப்பிலீன் பெட்டி வந்தபோது கலங்களை இணைக்கும் ஈயப் பட்டைகள் தடுப்புச் சுவரின் ஊடாக உள்ளேயே பற்றவைக்கப்பட்டன; செல் டெஸ்டரின் கூர்முனைகளுக்குக் குத்த இடமில்லாமல் போயிற்று. ஈயச் சட்டத்தில் ஆன்டிமனிக்குப் பதிலாகக் கால்சியம் சேர்த்தால் நீர் குறைவது பெரிதும் தணியும் என்பதைப் பெல் தொலைபேசி ஆய்வகத்தில் ஹேரிங், தாமஸ் ஆகியோர் 1935-லேயே காட்டியிருந்தனர். அது கார்களுக்கு 1970-களில் வந்தபோது, பேட்டரிகள் நீர் ஊற்றவே வேண்டாதவையாகவும், அவற்றின் மூடிகள் திறக்க முடியாதவையாகவும் ஆயின. டெல்கோவின் ஃப்ரீடம் பேட்டரியின் மேல் பச்சைப் புள்ளி தெரியும் சிறு கண்ணாடிக் கண் ஒன்று வைக்கப்பட்டது. பண்ணைவீட்டுக் கண்ணாடிக் கலத்தில் மிதந்த அதே பந்து, இப்போது ஒரே ஒரு கலத்தின் அமிலத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, மற்ற ஐந்தைப் பற்றி மௌனமாக. அமிலத்தைக் கண்ணாடி இழைப் பஞ்சிலோ கூழிலோ உறிஞ்சவைத்த பேட்டரிகளில் அந்தக் கண்ணும் இல்லை. மிதப்பதற்குத் திரவமே இல்லை.

இவ்வாறு வோல்ட் மட்டும் எஞ்சிய வேளையில் அதைப் போதிய நுட்பத்துடன் படிக்கும் கருவியும் வந்து சேர்ந்தது தற்செயலே. முழுமைக்கும் வெறுமைக்கும் இடையே உள்ள வேறுபாடு 0.87 வோல்ட், 25 வோல்ட் வரை காட்டும் முள் மீட்டரில் அது வளைவின் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. அதற்குள் பாதியையும் முக்காலையும் பிரித்தறிய எந்தக் கண்ணாலும் இயலாது. பத்து வோல்ட்டில் தொடங்கிப் பதினைந்தில் முடியும்படி அளவுகோலை விரித்த மீட்டர்கள் இதற்கு ஒரு விடையாக இருந்தன. ஆண்ட்ரூ கே 1950-களின் முற்பாதியில் கலிஃபோர்னியாவில் எண்காட்டி வோல்ட்மீட்டரை உருவாக்கினார். ஆனால் அது ஆய்வக மேசையை விட்டு இறங்கவில்லை. 1977-இல் ஃப்ளூக் நிறுவனத்தின் 8020ஏ கையடக்க மல்டிமீட்டர் வந்தது. அதே காலப்பகுதியில் அளக்கும் சுற்று முழுவதையும் ஒரே சில்லில் அடக்கிய இன்டர்சில் 7106 வந்தது. அந்த வகைச் சில்லைக் கொண்ட டிடி 830 வகை மல்டிமீட்டர்கள் பின்னர் உலகம் முழுவதும், சென்னையில் ரிச்சி தெருக் கடைகள் உட்பட, ஓர் எளிய சாப்பாட்டுச் செலவில் கிடைக்கும் பொருளாயின. இருபது வோல்ட் அளவில் அவை வோல்ட்டின் நூறில் ஒரு பங்கைக் காட்டுகின்றன. காட்டுவதெல்லாம் உண்மை என்று கொள்வதற்கில்லை: 0.5 சதவீதமும் கடைசி இலக்கத்தில் இரண்டும் பிழை உள்ள மீட்டர், 12.60 என்று காட்டும்போது மெய்யான எண் இருபுறமும் 0.08 வரை விலகியிருக்கலாம். சிவப்புக் கம்பி பத்து ஆம்பியர்த் துளையில் செருகியபடியே இருக்க முனைகளைப் பேட்டரியில் வைப்பது, இந்த மலிவான மீட்டர்கள் பல ஒரு நொடியில் உருகிப்போவதற்குக் காரணமான பிழை. அங்கே மீட்டர் வெறும் குறுக்குக் கம்பியாகிவிடுகிறது.

வோல்ட்டைப் படிப்பதில் கருவியைவிட நேரமே பெரிய பிழைக்குக் காரணம். சார்ஜ் ஏறி முடிந்தவுடன் தகட்டின் மேற்பரப்பை ஒட்டிய அமிலம் உட்பகுதியைவிடச் செறிவாக இருப்பதால், முனைகளில் 13 வோல்ட் வரைகூடத் தெரியும். மேற்பரப்புச் சார்ஜ் எனப்படும் இது தணிய, வண்டியைப் பல மணி நேரம் நிறுத்திவைக்க வேண்டும், அல்லது முன்விளக்கைச் சில நிமிடங்கள் எரியவிட்டு அணைத்துப் பிறகு பார்க்க வேண்டும். அதன் பிறகும் அந்த எண் எவ்வளவு சார்ஜ் இருக்கிறது என்பதையே சொல்லும், எவ்வளவு சார்ஜ் தாங்கும் என்பதைச் சொல்லாது. தகட்டுக் களிம்பில் பாதி உதிர்ந்துபோன பழைய பேட்டரியும் 12.6 காட்டும். இதற்காகத்தான் செல் டெஸ்டரின் வாரிசான சுமைச் சோதனை நீடித்தது. உறைபனிக் கீழ் 18 பாகை செல்சியஸில் முப்பது நொடிகள், 7.2 வோல்ட்டுக்குக் குறையாமல், பேட்டரி தரக்கூடிய மின்னோட்டமே அதன் குளிர்த்தொடக்க ஆம்பியர். அதில் பாதியைப் பதினைந்து நொடிகள் இழுத்தபின், 21 பாகை வெப்பத்தில், வோல்ட் 9.6-க்குக் கீழே போகக்கூடாது. வீட்டில் இதற்குக் கருவி இல்லாவிட்டாலும், ஒருவர் சாவியைத் திருப்ப இன்னொருவர் மீட்டரைப் பார்த்தால், எஞ்சின் சுழலும் அந்தச் சில நொடிகளில் ஏறக்குறைய அதே சோதனை நடந்துவிடுகிறது. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் கீத் சாம்ப்ளின் 1975-இல் காப்புரிமை பெற்ற முறை, பேட்டரியைக் காலி செய்யாமலே சிறு மாறுமின்னோட்டத்தைச் செலுத்தி அதன் கடத்துதிறனை அளந்தது. இன்று பேட்டரிக் கடைகளில் காகிதச் சீட்டு அச்சிட்டுத் தரும் சிறு கருவிகள் அந்த வழியில் வந்தவை.

ஈயத்தின் இடத்துக்கு லித்தியம் வரத் தொடங்கிய கார்களில் 12.6 என்ற எண்ணுக்கு அந்தப் பொருள் கிடையாது. ஈயக் கலத்தில் அமிலமே வினையில் பங்கெடுத்துச் செலவாகிறது. அதனால்தான் அதன் செறிவும் செறிவைத் தொடரும் வோல்ட்டும் சார்ஜைக் காட்டுகின்றன. லித்தியக் கலத்தின் கரைசலோ அயனிகள் செல்லும் வழி மட்டுமே; அதன் செறிவு சார்ஜுடன் ஏறி இறங்குவதில்லை. நான்கு கலங்கள் கொண்ட லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் சார்ஜின் நடுப்பகுதி முழுவதும் வோல்ட் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்பதால், மீட்டரால் முக்காலையும் காலையும் பிரித்துச் சொல்ல முடிவதில்லை. எனவே மின்னோட்டம் எவ்வளவு உள்ளே சென்றது, எவ்வளவு வெளியே வந்தது என்று எண்ணிக் கழித்துக்கொண்டே இருப்பதுதான் வழி. எதிர்முனைக் கவ்வியிலேயே பொருத்திய உணரியைக் கொண்டு இப்படி எண்ணுவது, நின்றால் எஞ்சின் தானே அணையும் வகையைச் சேர்ந்த ஈயப் பேட்டரிக் கார்களிலும் பரவிவிட்டது; பிரேக் பிடிக்கும்போது கிடைக்கும் மின்சாரத்துக்கு இடம் வைப்பதற்காக அந்தக் கார்கள் பல வேளைகளில் பேட்டரியை வேண்டுமென்றே முழுதாக நிரப்பாமல் விடுவதால், அங்கே 12.4 என்பது நோயின் அறிகுறி அன்று. ஆனால் எண்ணிக்கொண்டே போனால் சிறு பிழைகள் சேர்ந்து கணக்கு நாளடைவில் விலகும். அதைச் சரிசெய்ய அந்த உணரிகள், வண்டி பூட்டிக் கிடந்து மேற்பரப்புச் சார்ஜ் தணிந்த பின், ஈயப் பேட்டரியின் ஓய்வு மின்னழுத்தத்தை ஒருமுறை படித்து, அமிலத்தின் அடர்த்தியிலிருந்து பிறந்த அதே பழைய பட்டியலுடன் ஒப்பிட்டுத் தம் கணக்கைத் திருத்திக்கொள்கின்றன.